சீதேவிப்பிள்ளையின் முழங்கால்

“ரீச்சர், எனக்கு முழங்கால் நோகுது. ஓட ஏலாது.”

சீதேவிப்பிள்ளை இப்படிச் சொன்னது வியாழக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை திருகோணமலைப் பிள்ளைகளோடு மாகாணக் கிண்ணத்துக்கான வலைப்பந்துப் போட்டி.

மற்றவர்கள் பந்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

அந்த அணியில் நோவு என்று யாரும் வாய் திறப்பதில்லை. போன வருசம் தோள் நோகிறது என்று சொன்ன சொர்ணம் இரண்டு நாள் ஓய்வெடுத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்றாள். அதற்குப் பிறகு விரல் பிசகினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுவார்கள்.

“நாளைக்கு அப்போதிக்கரி ஐயாவை வரச் சொல்லுறன்” என்றார் நேசம்மா ரீச்சர்.

விடுதிக் கிணற்றடியில் அணித்தலைவி புஸ்பம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னகா, திருகோணமலை எண்டதும் பயம் வந்திட்டுதா?”

சீதேவிப்பிள்ளை தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள்.

“ரெண்டு வருசமா இந்தக் கிண்ணத்துக்கு ஓடுறம். ஒரு சின்ன நோவைத் தாங்கேலாதா உன்னால?”

சீதேவிப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை, அரசாங்க மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி கதிர்காமத்தம்பி சைக்கிளில் வந்து இறங்கினார். சீதேவிப்பிள்ளையின் முழங்காலை அமத்திப் பார்த்தார்.

“இதில நோகுதா?”

“ஓம் ஐயா.”

“இதில?”

“அதிலயும்.”

அவர் அவளுடைய முகத்தை ஒரு தரம் பார்த்தார். “நோகுதெண்டா நாளைக்கு விளையாட வேணாம்” என்றார்.

பிறகு ரீச்சரிடம் திரும்பி, “நான் வந்தா ஒராளை மட்டும் பார்த்திட்டுப் போறதில்லை, தெரியுந்தானே? எல்லாரையும் வரச் சொல்லுங்க” என்றார்.

புஸ்பம் கடைசியாக வந்தாள்.

“எனக்கொண்டும் இல்லை ஐயா.”

“எல்லாரையும் போல நீயும் கையைக் காலைக் காட்டு புள்ள” என்றார் ரீச்சர்.

பாவாடைக் கரையைச் சற்று உயர்த்தினாள். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அப்போதிக்கரி விரலை வைத்ததுதான் தாமதம், அலறிவிட்டாள்.

“எத்தினை நாளா?”

“அஞ்சு நாள்.”

“எலும்பு வெடிச்சிருக்கு போல. இதோட நாளைக்கு ஓடியிருந்தா காலம் முழுக்கக் கெந்தித்தான் நடந்திருப்பாய்.”

ரீச்சர் அவள் பக்கத்தில் குந்தினார். “ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?”

“சொர்ணம் சொன்னாதானே ரீச்சர்” என்றாள் புஸ்பம்.



சனிக்கிழமை இரண்டு புதுப் பிள்ளைகளை இறக்கி ஆடினார்கள். மூன்று புள்ளியில் தோற்றார்கள். கிண்ணம் திருகோணமலைக்குப் போனது.

திங்கட்கிழமைப் பயிற்சிக்கு ரீச்சர் சொர்ணத்தையும் கூப்பிட்டிருந்தார்.

ஆனால் விடுதியில் சீதேவிப்பிள்ளையோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படுக்கும்போது பாய்களைக்கூடத் தள்ளிப் போட்டார்கள்.

“எலும்பு வெடிச்ச நானே மூச்சுக் காட்டல்ல. இவ ஒரு நோவுக்குப் போட்டியைக் கெடுத்திட்டா” என்று புஸ்பம் எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்.

ஐந்து கிழமை கழித்து, புஸ்பத்தின் காலில் போட்டிருந்த கட்டை அவிழ்க்க அப்போதிக்கரி வந்தார். கால் நன்றாகப் பொருந்தியிருந்தது. வேலை முடிந்து சைக்கிளை எடுக்கப் போனவர், தண்ணீர் வாளியோடு வந்த சீதேவிப்பிள்ளையை நிறுத்தினார்.

“உன்ட முழங்காலில ஒண்டுமில்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள. தொட்ட இடமெல்லாம் நோகுது எண்டாய். போட்டிக்குப் பயந்தா அப்படிச் சொன்னாய்?”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“புஸ்பத்திட காலை நான் முதல் நாளே கண்டிட்டன் ஐயா. ஆரிட்டயும் சொல்லக் கூடாதெண்டு எனக்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. மறுகா, வேற எப்படி உங்களை இஞ்ச வரப் பண்ணுற?”