‘நான்’ என்பதன் பன்மை

"நாங்க அடுத்த பாடத்துக்குப் போறோம். நீ பின்னால போய்ப் பழசையே படி."

தமிழ் டீச்சரின் விரல் கடைசி பெஞ்சைக் காட்டியது. ரெட்டைப் பின்னல்காரி பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வருஷத்தின் நடுவில் பள்ளி மாறி வந்தவள். ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

வகுப்பு களுக்கென்று சிரித்தது.

"சிரிக்காதீங்க" என்றாள் டீச்சர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

மதியம் ஆசிரியர் அறையில் நாற்காலிகள் இழுபட்டன.

"டீச்சர், நாங்க கேன்டீன் வரைக்கும் போய்ட்டு வர்றோம்" என்றாள் கணக்கு டீச்சர், கைப்பையை மாட்டியபடி.

"போய்ட்டு வாங்க. எனக்குத்தான் டப்பா இருக்கே."

நாங்க.

இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த ஒரு சொல் போதாதா? "நாம போலாம்" என்று வாய் தவறியாவது யாராவது சொல்லியிருந்தால், டப்பாவை மூடிவிட்டு எழுந்திருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாயும் தவறவில்லை. சிரிப்புச் சத்தம் தாழ்வாரத்தில் நடந்து தேய்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். வீட்டிலும் இதே கதைதான். தட்டும் அவளும்.

நாளைக்கு மீள்பார்வைத் தேர்வு. அதில் தேறாவிட்டால் ரெட்டைப் பின்னலைக் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தமிழ் டீச்சர் வகுப்புக்குப் போனாள்.

எல்லாரும் மைதானத்தில். அவள் மட்டும் அதே பெஞ்சில்.

"இதை வாசி."

"பையன்... மலையில்... நனைந்தான்."

"மலையா, மழையா? நாக்கை மடிக்கணும்டி."

"மலையிலயும் நனையலாமே டீச்சர்?"

வந்த சிரிப்பை டீச்சர் இருமலாக்கினாள். "வாய் மட்டும் வக்கணையா இருக்கு. சரி, எதிர்ச்சொல் சொல்லு. உள்ளே?"

"வெளியே." பட்டென்று வந்தது.

"நான். பன்மை?"

"நாங்கள்."

"இன்னொண்ணு இருக்கே?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நாம். 'நாங்கள்'னா கேக்கறவங்களை விட்டுட்டு. 'நாம்'னா கேக்கறவங்களையும் சேர்த்து. எத்தனை தடவைடி சொல்றது? எங்கே, 'நாங்கள்' வச்சு ஒரு வாக்கியம்."

"நாங்கள் போகிறோம், நீ இங்கேயே இரு."

ஒரு பிழை இல்லை. கேன்டீனுக்குப் போன காலடிகள் மறுபடி காதுக்குள் நடந்தன. டீச்சரின் குரல் தானாகத் தணிந்தது.

"சரி. இப்ப 'நாம்' வச்சு."

"வரலை டீச்சர்."

"ஏன் வரலை? அதுவும் தினமும் பேசற சொல்லுதானே?"

"என்கிட்ட யாரும் பேசினதில்லை டீச்சர்."

மைதானத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஜன்னலைத் தாண்டி ஒரு கூட்டம் ஓடியது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுங்கதானே? பேரைச் சொல்லு. கூட்டத்துல ஒருத்தியைச் சேர்க்காம நாங்க, நாங்கன்னு ஒதுக்கறது எவ்வளவு வலிக்கும்னு தெரியுமா அதுங்களுக்கு? காதைத் திருகி வைக்கிறேன். உன்கிட்ட அப்படிச் சொன்னது யாரு?"

பின்னல் நுனியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நீங்கதான் டீச்சர். காலையில."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு" என்றாள். "நா... நாம..."

எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளைப் போல, அவளுக்கும் அந்தச் சொல்லில் நாக்கு தடுக்கியது.