ஐந்நூறாவது கையெழுத்து

ஓடைக்குப் பாலம் கேட்டு நோரீன் தொடங்கிய இணைய மனுவில் 499 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஐந்நூறானால்தான் நகரசபை எடுத்துப் பேசும். ஊரில் பாக்கி அவள் கணவன் கிளைவ் மட்டும்தான்.

"ஊரே போட்டாச்சு. கட்டின புருஷனுக்குத்தான் கை வலிக்குது."

"அக்கரை ஏறினாத்தானே போன்ல சிக்னல் வருது, நோரீன். ஏறினதும் முதல் வேலை அதுதான்."

மழையில் கிளம்பினான். மாலையில் காரை ஓடை நடுவிலிருந்து இழுத்தார்கள். அவன் உள்ளேயே இருந்தான். சட்டைப்பையில் போனும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கரை நூலகக் கணினியில் மனுவைத் திறந்தாள். பட்டியலின் கடைசியில் கிளைவின் பெயர். தேதி, அவனை அடக்கம் செய்ததற்கு மறுநாள்.

பெயர்களை விரல்வைத்து எண்ணினாள். ஐந்நூறு.

நகரசபைக்குப் போன் செய்தாள். "மனுப் பக்கத்துல மேலே காட்டுற எண்ணிக்கைதாம்மா எங்களுக்குக் கணக்கு," என்றாள் அங்கிருந்த பெண்.

மேலே இன்றும் 499தான்.