ஐந்து ஃபிரேம்

"மூணாவது வரிசை, ஓரத்துல ஒருத்தி நிக்கிறா பாருங்க. அவ இந்த வீடியோவுல எங்கயுமே தெரியக் கூடாது."

டான்ஸ் மாஸ்டர் திரையை விரலால் தட்டினார். போட்டிக்கு அனுப்ப இன்று மாலை ஆறு மணிதான் கடைசி. "தாளமே வராது அவளுக்கு. ஊரோட ஒத்துப் போகத் தெரியாத ஜென்மம். நாளையில இருந்து டீம்லயே கிடையாது. அப்புறம், கீழ அங்கங்க என் கை தெரியும், ஸ்டெப் காட்டிட்டிருந்தேன். அதையும் எடுத்துடுங்க."

அண்ணி தலையாட்டினாள். ஸ்டுடியோ அவளுடைய கொழுந்தனுடையது. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்குமே அவள் அண்ணி ஆகிவிட்டாள். எடிட்டிங் கற்றுக்கொள்ள வந்து இரண்டு மாதம். தனியாகச் செய்யும் முதல் வேலை இது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டாள். 'டம்' என்று அடி விழும் இடத்திலெல்லாம் பொத்தானைத் தட்ட, திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. கோட்டில் காட்சியை வெட்டினால் பாட்டோடு படமும் துள்ளும் என்பது கொழுந்தன் சொல்லிக்கொடுத்த பாடம்.

துள்ளவில்லை. கோடு தாண்டிய பிறகே கால்கள் தரைக்கு வந்தன.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க கோடெல்லாம் முந்திக்கிட்டு விழுது. பாட்டை ஒரு அஞ்சு ஃபிரேம் தள்ளி விடுங்க. கண் சிமிட்டுற நேரம்தான், யாருக்குத் தெரியப் போகுது?"

"கேமராவுல பாட்டும் படமும் ஒண்ணாத்தானே பதிவாச்சு? நான் எதுக்குத் தள்ளணும்?"

"இதெல்லாம் பழக்கத்துல வர்ற காது அண்ணி."

"என் காதுக்கு என்ன குறைச்சல்? அடுத்த ரூம்ல நீங்க போன்ல பொய் சொல்றது வரைக்கும் கேக்குது."

அவன் நழுவினான். அண்ணி தள்ளவில்லை, முன் வைத்த காலைப் பின் வைக்கும் ரகம் அல்ல அவள். படத்தை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்திப் பார்த்தாள். முதலில் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது.

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தார். வீடியோ ஓடியது. ஓரத்துப் பெண் திரை நடுவில் பெரிதாக ஆடிக்கொண்டிருந்தாள். வெட்டுக்கு வெட்டு அவளே.

"யாரை எடுக்கச் சொன்னேனோ அவளையே நட்டு வெச்சிருக்கீங்க!"

கொழுந்தனுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. "புதுசு மாஸ்டர், இப்பவே நான் மாத்தித் தரேன்" என்று மவுஸுக்குக் கை நீட்டினான்.

"மவுஸைத் தொட்டீங்க, இன்னைக்கு வீட்டுல சோறு கிடையாது."

நீண்ட கை திரும்பிப் போனது. அண்ணி ஒரு கோட்டில் படத்தை நிறுத்தினாள். "அடி விழுற இடம் இதுதான். எத்தனை பேர் கால் தரையில இருக்கு? எண்ணுங்க."

ஒரே கால். ஓரத்துப் பெண்ணுடையது. மற்ற பதினோரு பேரும் தூக்கிய காலோடு நின்றார்கள். அடுத்த கோட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

மாஸ்டர் சிரித்தார். "பதினோரு பேர் தப்பு, அவ ஒருத்தி மட்டும் சரியா? அது எப்படிம்மா பதினோரு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்க?"

அண்ணி படத்தின் கீழ் விளிம்பைப் பெரிதாக்கினாள். அங்கே மாஸ்டரின் கையும் இன்னும் இறங்காமல் அந்தரத்தில் நின்றது.

"அவங்க உங்களைப் பாத்து ஆடுறாங்க மாஸ்டர். அவ பாட்டைக் கேட்டு ஆடுறா."