நெய்க் கை

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த சொந்தக்காரர்களுக்காக, ரீபா பாளையங்கோட்டையில் ஒரு தியேட்டரை சாயங்காலக் காட்சிக்கு மொத்தமாகப் பிடித்திருந்தாள். "அல்வா தின்ன கையை சீட்டுல தேய்க்காம பாத்துக்கிடுங்க" என்று மட்டும் மேனேஜர் சொன்னார். படம் ஓட ஓட, இருட்டில் எல்லோருக்கும் அல்வா கொடுத்துவிட்டு, தட்டுப்பட்ட காலி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் நெய்யைத் துடைத்தது. பட்டுச்சேலை. யாரென்று அவளுக்குத் தெரியும். இலையைக்கூட நக்குகிறவன் கொழுந்தன் ஜாபேஸ்; பந்தியில் அவன் பக்கத்தில் அவள் உட்காருவதே கிடையாது. விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தது கழுத்தில். எச்சில் வாடை வேறு.

"சீ! ஜாபேஸ் தம்பி, நக்குன கையை என் மேலயா துடைக்குதிய?"

படம் நின்றது. விளக்கு எரிந்தது. ஜாபேஸ் முன்வரிசையில், மடியில் தூங்கும் மகளோடு திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"என்ன மைனி, இப்படிச் சொல்லுதிய? உங்களுக்குப் பின்னால செவருல்லா இருக்கு!"

அவன் மனைவி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

ரீபா எழுந்து, பின்னால் யாரும் வரமுடியாதபடி சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். வந்தவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு முன்னால் நின்று அவளையே பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அப்போது அவள் பிடரியில் ஈரமான விரல்கள் ஒவ்வொன்றாக, நிதானமாகத் துடைத்துக்கொள்ளத் தொடங்கின. ஐந்தாவது விரலோடு அது நிற்கவில்லை.