சதுரச் சாக்லேட்

கண்ணாடி வழியே விழும் ஜூலை வெயிலில் கடையின் தட்டுகளெல்லாம் மின்னுகின்றன. மேற்கு ஜெர்மனியின் பணம் கிழக்கு ஜெர்மனியில் எங்கள் சாக்சனிச் சிற்றூருக்கு வந்து இது இரண்டாம் நாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கடைக்காரி குட்ரூன் பழைய சரக்கை எல்லாம் இறக்கிவிட்டாள். இப்போது மேற்கிலிருந்து வந்த சாக்லேட்டின் ஊதா உறையில் பசு நிற்கிறது. பக்கத்தில், சட்டைப்பையில் உடையாமல் கிடக்கும் என்று பேர்வாங்கிய சதுரச் சாக்லேட். எங்கள் ஊர் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகச் சாக்லேட்டுக்கு உறை சுற்றும் ரோஸ்வித்தா, அந்தத் தட்டுகளை மூன்றாம் முறையாகத் தேடுகிறாள்.

"எங்க சரக்கு எங்கடி?"

குட்ரூன் கதவோரப் பெட்டியைக் கண்ணால் காட்டுகிறாள். "கோவிச்சுக்காத. காலையிலேருந்து ஒருத்தர்கூட கேக்கல. உன் புருஷனே ரெண்டு ஊதா வாங்கிட்டுப் போனாரு."

"அந்த மனுஷனுக்கு நாக்கு ஏது? கொக்கோ வராத வருஷத்துலகூட கடலையை அரைச்சுப் போட்டு ஊருக்கே இனிப்பு குடுத்தோம்டி!"

"நான் இல்லேன்னா சொன்னேன்? இந்தா, தின்னு பாத்துட்டுத் திட்டு."

சதுரம் டக்கென்று ஒடிகிறது. வரிசையில் நிற்கும் நாங்கள் அவள் வாயையே பார்க்கிறோம், கண்ணுகளா, ஒரு குறையாவது சொல்லமாட்டாளா என்று. மாவாக ஒட்டுமா, பல்லில் நெருடுமா என்று அவள் நாக்கும் தேடுகிறது. அது பாட்டுக்குக் கரைகிறது. மதியம் இரண்டு மணிக்கு அவள் ஆலைக்குப் போகவேண்டும். வாங்க ஆளில்லாத சாக்லேட்டுக்கு இன்னும் எத்தனை நாள் உறை சுற்றச் சொல்வார்கள்? கண் நிறைந்து நிற்க, கை மட்டும் இரண்டாவது துண்டுக்கு நீள்கிறது.