வேலியை வெட்டிய மனுசி

“அங்கிள், குறை நினைக்காதையுங்கோ. யாழ்ப்பாணத்திலை ஒரு மனுசி தன்ரை வேலியைத் தானே வெட்டுவாளோ? அதுவும் அயல்வீட்டு மழைத்தண்ணி உள்ளுக்கு வரட்டுமெண்டு?”

மடிக்கணினித் திரையில் அரியாலை றஜிந்தன் சிரித்தான். எஞ்சினியர். பக்கத்துக் கட்டத்தில் வட்டுக்கோட்டை ஷாமினி, அணித் தலைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். புத்தூரில் தன் வீட்டு அறையில் இருந்த முருகேசு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“ஏன் தம்பி, 2050இலையும் வெட்டமாட்டாளோ?”

“வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதுக்கே மூண்டு தலைமுறையா வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி எண்டு ஏறுற ஆக்கள் நாங்கள். 2500 எண்டு போடுங்கோ, யோசிப்பம்.”

‘நாளைக்கு என்ன?’ என்பது அந்த இணைய விளையாட்டின் பெயர். வருங்காலத்தில் நடக்கக்கூடிய ஒன்றை ஒருவர் அட்டையில் எழுதவேண்டும். அணியிலுள்ள மற்றவர்கள் கேள்வி கேட்டு, பொத்தல் அடைத்து, அதை மேலே கட்டியெழுப்பவேண்டும். விதி ஒன்றுதான்: ஏற்கெனவே நடந்ததை எழுதக்கூடாது. இன்று பின்னேரம் ஆறு மணிக்குள் அணிக்கு ஒரு அட்டை அனுப்பவேண்டும். தெரிவான அட்டைக்காரர் ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேருக்கு முன்னால் அரைமணி நேரம் பேசலாம்.

அந்த அரைமணியில்தான் முருகேசுவுக்குக் கண். முப்பத்தொரு வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவர். அவ்வளவு காலத்தில் அவர் சொல்லி நாலுபேர் கேட்ட ஒரே வசனம், “முன்னுக்குப் போங்கோ.” அதையும் பாதிப்பேர் கேட்கவில்லை.

“சரி, திரும்பச் சொல்லுங்கோ அங்கிள்,” என்றாள் ஷாமினி. “கிணறு உவராப் போட்டுது. பிறகு?”

“மழைத்தண்ணி முழுக்க ஒழுங்கையாலை ஓடி வீணாப் போகுது. இந்த மனுசி எட்டாம் வகுப்புப் படிச்சவள். அவளின்ரை வளவு பள்ளக் காணி. அவள் வாழையளைத் தறிச்சுப்போட்டு அரைப் பரப்புக் காணியிலை குளம் மாதிரி ஒரு கிடங்கு வெட்டுறாள். பிறகு மூண்டு பக்க வேலியிலையும் ஆள் நுழையிற அளவுக்குப் பொட்டு வெட்டி, அயலட்டைத் தண்ணியெல்லாம் இஞ்சை வா எண்டு வழி விடுறாள்.”

“அயல் சும்மா இருக்குமோ?”

“இருக்குமோ! ‘என்ரை காணித் தண்ணியைக் களவெடுக்கிறாய்’ எண்டு ஒருத்தன் கத்தியோடை வாறான். அவள் கத்தியை வாங்கிப் பாத்து, ‘நல்ல கூரா இருக்கு, அண்ணை’ எண்டு மிச்ச வேலியையும் அதாலையே வெட்டிப்போட்டுத் திருப்பிக் குடுக்கிறாள்.”

“ஐயோ அங்கிள், உங்கடை கற்பனை!” என்று றஜிந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“முதல் மாரி முற்றம் முழுக்க வெள்ளம். அடுப்பை மேசைக்கு மேலை ஏத்திச் சமைக்கிறாள். ஊர் சிரிக்குது. அடுத்த மாரி முடிய, அவளின்ரை கிணறு மட்டுமில்லை, சுத்தியிருக்கிற மூண்டு வீட்டுக் கிணத்துத் தண்ணியிலையும் தேத்தண்ணி வைச்சுக் குடிக்கலாம்.”

“அவளின்ரை புருஷன் என்ன செய்யிறார்?” என்றாள் ஷாமினி.

“‘விசரி’ எண்டு பேசிப்போட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு தமக்கை வீட்டை போய் ஒன்பது நாள் இருக்கிறான்.”

“அந்த ஆளை மாத்துங்கோ அங்கிள். இவ்வளவு மூளையில்லாத மோட்டு மனுசன் உலகத்திலை இருக்கேலாது.”

“பிள்ளை, அட்டையிலை நம்பக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவனிலை கைவைக்காதையுங்கோ.”

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இவ்வளவு நேரமும் பகிடி விட்ட றஜிந்தன் ஒரு தாளில் எதையோ கீறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

“கணக்குச் சரியா வருது அங்கிள். நாலு வளவுத் தண்ணி, கிடங்கின்ரை ஆழம், எல்லாம். படிச்ச எனக்கு உது ஓடியிருக்காது.”

முருகேசுவின் நெஞ்சு நிமிர்ந்து சேட்டுப் பொத்தானை இழுத்தது.

“நாங்கள்தான் வெல்லுவம்,” என்றாள் ஷாமினி. “ஒண்டே ஒண்டு. அந்த மனுசியை எடுத்துப்போட்டு ஒரு நிறுவனத்தைப் போடுங்கோ. எட்டாம் வகுப்புப் படிச்ச தனி மனுசி, ஆரையும் கேக்காமல், சிரிக்கிற ஊருக்குத் தண்ணி குடுக்கிறாள் எண்டா நடுவர்மார் நம்பமாட்டினம்.”

“எடுத்தால்?”

“ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேச்சாளர்.”

முருகேசு மனுசியை அழித்தார். அட்டையை ஒருமுறை வாசித்தார். கிடங்கு இருந்தது, பொட்டு இருந்தது, தண்ணீரும் இருந்தது. கத்தியைத் தூக்கத்தான் ஆளில்லை. நிறுவனம் எந்தக் காலத்தில் அடுப்பை மேசையில் ஏற்றிச் சமைத்தது? அழித்ததைத் திரும்பத் தட்டினார்.

“இல்லைப் பிள்ளை. அவளை எடுக்கமாட்டன்.”

“அங்கிள், அரைமணி போயிடும்!”

“போகட்டும்.”

ஷாமினி பெருமூச்சு விட்டாள். “சரி, ஆண்டையாவது போடுங்கோ. அனுப்பிப் பாப்பம்.”

முருகேசு ஆண்டுக்கான பெட்டியில் 2023 என்று தட்டினார். அட்டை உடனே சிவந்து, திரையிலிருந்து விழுந்தது.

“அங்கிள்! அது முடிஞ்ச வருசமெல்லே?”

அவர் மடிக்கணினியை யன்னல் பக்கம் திருப்பினார். வெளியே கிடங்குக்குள் முழங்காலளவு இறங்கி நின்று ஒரு பெண் மண்வெட்டியால் சேறு வழித்துக்கொண்டிருந்தாள். வேலிப் பொட்டில் அயல்வீட்டுக்காரன் பனையோலைக் கடகத்தோடு, அவள் எப்போது நிரப்புவாள் என்று பணிவாகக் காத்து நின்றான்.

“என்ரை மனுசி, மீனாம்பிகை,” என்றார் முருகேசு.

றஜிந்தன் மெல்ல இழுத்தான்.

“அப்ப அங்கிள்... அந்த மோட்டுப் புருஷன்...”

“சொல்லுங்கோ தம்பி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”