பச்சை ஸ்டிக்கர்

“ரூமை விட்டு வெளியே போகக் கூடாது. கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது. இப்ப நீங்க அரெஸ்ட் ஆச்சு!”

வீடியோ காலில் காக்கிச் சட்டைக்காரன் உறுமினான். தொப்பி நெற்றியை மறைத்தது, கறுப்பு மாஸ்க் மீதி முகத்தை மறைத்தது. அம்சவேணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்ன சார் குத்தம் பண்ணேன்?”

“சென்னைல உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிச்சாச்சு. உள்ள போதை மருந்து இருக்கான். நான் சென்னை கிரைம் பிராஞ்சு பேசறாங்க.”

அம்சவேணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழுதா விட மாட்டோம் மேடம்!”

யார் அழுதது? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போதை மருந்து ‘இருக்கான்’, இவன் ‘பேசறாங்க’. சென்னை போலீஸ் எங்கேயாவது இப்படித் தமிழ் பேசுமா? இந்த மயூர் விஹார் அடுக்குமாடிச் சொசைட்டியில் இப்படித் தமிழைக் கொலை செய்ய ஒரே ஒருவனால்தான் முடியும். மூன்றாம் மாடி அக்ஷய். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. “அப்பா ஆபீஸ் போனாள்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன்.

குரலைக் கட்டையாக்கிக்கொண்டால் தெரியாதா? சட்டைகூடப் பள்ளி நாடகத்துக்கு வாங்கியதாகத்தான் இருக்கும்.

சொசைட்டியின் ப்ளஸ் டூ பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் குழு வைத்திருந்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, மோசடிக்காரர்களைப் போலவே வீடு வீடாகப் போன் போட்டு மிரட்டிப் பார்ப்பார்கள். ஏமாறாத வீட்டுக் கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போன மாதம் இதே அக்ஷய் பேங்க் மேனேஜராகப் பேசியபோது, அம்சவேணி பதறிப்போய் ஓடிபியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். இப்போது பிளாக்கிலேயே மொட்டையாக நிற்பது அவள் வீட்டுக் கதவு மட்டும்தான்.

விஷயம் பெங்களூரில் இருக்கும் மகன் கார்த்தி வரைக்கும் போய்விட்டது. “போதும்மா. வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு. இனிமே உன்னால தனியா சமாளிக்க முடியாது” என்று டிக்கெட்டே போட்டுவிட்டான். முப்பத்தைந்து வருடம் மத்திய அரசு வேலை பார்த்தவள், கணவர் போன பிறகும் இந்த ஊரில் ஒற்றை ஆளாக நின்றவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னொரு தடவை டெஸ்ட் வைக்கச் சொல்றேன். அதுலயும் கோட்டை விட்டா, மறு பேச்சு பேசாம வரேன்” என்று அவனிடம் சவால் விட்டாள். குழுவின் தலைவி ஜ்யோத்ஸ்னாவும் இந்த வாரத்துக்குள் கால் வரும் என்று சொல்லியிருந்தாள்.

நேற்றுப் பால் பூத்தில் அக்ஷயை மடக்கி, “எப்படா எனக்குப் போன்?” என்று கேட்டும் பார்த்தாள். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்த பயல் வாயே திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவிவிட்டான். சரியான அமுக்கன்!

“உங்க பையன் கார்த்தி பெங்களூர்ல இருக்கான். அவனையும் தூக்குவோம். ஜல்தி, ஆதார் நம்பர் சொல்லுங்க!”

எல்லாம் விளையாட்டு என்று தெரிந்தும், மகன் பேரைக் கேட்டதும் ஆதாரின் முதல் எண் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்து அறைக் கதவைப் படாரென்று திறந்தாள். நேராகப் பால்கனிக்குப் போய் நின்றாள்.

“உள்ள போங்க! நீங்க அரெஸ்ட்!”

“போடா! என் வீட்டுல நான் எங்க வேணா நிப்பேன். போன்ல அரெஸ்ட் பண்ணலாம்னு எந்தச் சட்டத்துலடா இருக்கு? தைரியம் இருந்தா நேர்ல வா. நம்பரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!”

“மேடம், அப்புறம் ரொம்ப வருத்தப்படுவாங்க...”

“வருத்தப்படுவீங்கன்னு சொல்லு! மொதல்ல ஒழுங்காத் தமிழ் பேசப் பழகு. மிரட்டறதெல்லாம் அப்புறம்.”

மறுமுனையிலிருந்து இந்தியில் ஒரு பச்சையான கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. கால் கட்டாகிவிட்டது.

அம்சவேணி கைப்பேசியை முறைத்தாள். நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? இதை அவன் அம்மாவிடம் சொல்லாமல் விடுவதில்லை. ஆனாலும் மனசு நிறைந்து கிடந்தது. டிக்கெட்டைக் கார்த்தி கேன்சல் பண்ணிக்கொள்ளட்டும். இந்த வீட்டைவிட்டு அவளை இனி ஒருத்தரும் அசைக்க முடியாது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஜ்யோத்ஸ்னா.

“எங்கடி என் பச்சை ஸ்டிக்கர்? உங்க போலீஸை ஒரு வழி பண்ணி அனுப்பிட்டேன். ஆமா, அக்ஷய் இந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டான்?”

ஜ்யோத்ஸ்னா திருதிருவென்று விழித்தாள்.

“அக்ஷயா? உங்க டெஸ்டை அடுத்த வாரம் வெச்சுக்கலாமான்னு கேக்கத்தானே வந்தேன்...”

“ஏன், இப்பப் பேசினானே!”

“அவனுக்கு நாலு நாளாத் தொண்டை கட்டி, குரலே வரல ஆன்ட்டி!”